ஜெர்மன் மொழி ஆசிரியர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்கவிருப்பதாலும், உறுப்பினர் சேர்க்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லாததாலும், ஆண்டு முழுவதும் நமது மாதாந்திரக் கூட்டங்களில் விவாதித்த ஒரே பொருளுக்கு இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன். மாலை நேர ஜெர்மன் வகுப்புகளில் மாணவர்களின் ஈடுபாடு குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே அப்பொருள்.

நம்மிடம் பயில்வோரில் செவிலியர்களும் பொறியியல் பட்டதாரிகளுமே மிகுதி. ஏ1 எனப்படும் தொடக்க நிலையில் அவர்களிடம் காணப்படும் உற்சாகம், பி1 எனப்படும் இடைநிலையை எட்டுவதற்குள் வடிந்துவிடுகிறது. மாணவர்களின் களைப்பையும் சோம்பலையும் இதற்குக் காரணமாகச் சொல்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. இவ்வாண்டு அப்படிச் சொல்லி நிறுத்தாமல், ஒருவர் பாடம் நடத்தும்போது மற்றொருவர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பது என்று முடிவு செய்தோம். அக்குறிப்புகளைக் கூட்டங்களில் படித்தபோது, பெரும்பாலான வகுப்புகளில் அதிகம் பேசியவர் ஆசிரியரே என்பது தெரியவந்தது. மாணவர் எவரும் தூங்கிவிடவில்லை. ஆனால் அவர்கள் வாய் திறப்பதற்கான தேவையும் அங்கே எழவில்லை.

ஆகவே, ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவருக்குத் தேவைப்படும் வகையில் பயிற்சிகளை அமைக்கலானோம். செவிலியருக்கான வகுப்பில் இது சிறப்பாகப் பயன்பட்டது. ஒருவர் கையில் நோயாளியின் பெயர், வயது, வலி இருக்கும் இடம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவை எழுதிய அட்டை இருக்கும். மற்றவரிடம் நிரப்பப்படாத படிவம் மட்டும் இருக்கும். இருவரும் முதுகோடு முதுகு காட்டி அமர்ந்து, ஜெர்மன் மொழியில் கேட்டும் சொல்லியும் அப்படிவத்தை நிரப்ப வேண்டும். முகம் பார்த்து அமர்ந்தால் சைகையிலேயே வேலை முடிந்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பணி மாறும்போது நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைப்பது அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை. அதை வேற்றுமொழியில் செய்து பார்க்க அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய பயிற்சிகளை விளையாட்டு என்று கருதி, அவற்றுக்குப் பதிலாக மாதிரி வினாத்தாள் கொடுங்கள் என்று கேட்ட மாணவர்களும் இருந்தார்கள். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் ஏ1 தேர்வில் பேச்சுப் பகுதி குழுவாகவே நடக்கிறது என்பதையும், அட்டைகளை எடுத்துத் தேர்வு எழுதுவோர் தங்களுக்குள் வினா எழுப்பி விடை கூற வேண்டும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னோம். நூற்றுக்கு 60 மதிப்பெண் பெற வேண்டிய தேர்வை மனதில் வைத்துக் கேட்கும் மாணவரைக் குறை சொல்வதற்கில்லை.

அடுத்ததாகப் பெரிதும் விவாதிக்கப்பட்டது, கேள்வி கேட்டபின் ஆசிரியர் காக்கும் மௌனம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து, ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அது மூன்று விநாடிகளாக நீளும்போது விடைகள் நீண்டு, விடை கூறுவோர் எண்ணிக்கையும் கூடுகிறது என்றும் காட்டினார். ஜெர்மன் வகுப்பில் மாணவர் சொல்லைத் தேட வேண்டும், அது ஆண்பாலா, பெண்பாலா, பொதுப்பாலா என்பதை நினைவுகூர வேண்டும், வினைச்சொல்லை உரிய இடத்தில் வைக்க வேண்டும். அவருக்கு மூன்று விநாடிகளும் போதாது. முதலில் கேள்வி, பிறகு காத்திருப்பு, அதன்பின்பே பெயர் சொல்லி அழைப்பது என்ற வரிசையைக் கடைப்பிடிக்க உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டனர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன் வரும் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (பொதுப்பால்) ஆகிய மூன்று சொற்களுக்கும் முறையே நீலம், சிவப்பு, பச்சை என வண்ணம் தரும் பழைய முறையை, அறையின் மூன்று மூலைகளோடு இணைத்து, ஆசிரியர் சொல்லும் பெயர்ச்சொல்லுக்கு உரிய மூலைக்கு மாணவர்களை நடக்கச் செய்தோம். கணினி முன் அமர்ந்தே பகலைக் கழித்தவர்கள் இதை விரும்பினார்கள். நாள் முழுவதும் நின்று பணி செய்துவிட்டு வந்த செவிலியர்களோ உட்கார விட்டாலே போதும் என்றார்கள். அவர்களுக்கு வண்ண அட்டையைத் தூக்கிக் காட்டும் முறையே பொருந்தியது. சுவரில் ஒட்டிய பத்தியை ஒருவர் ஓடிச் சென்று படித்துவந்து சொல்ல, மற்றவர் எழுதும் ஓட்டச் சொல்வதெழுதுதலுக்கும் இதே வேறுபாடு பொருந்தும். எந்த உத்தியும் யாருக்கு என்று பார்த்தே கையாளத் தக்கது என்பது என் கருத்து.

ஜெர்மன் துணைவாக்கியங்களில் வினைச்சொல் இறுதியில் வருவதைக் கண்டு ஆங்கிலம் வழியாகக் கற்போர் மிரள்கிறார்கள். தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்பதே இயல்பு என்பதை நினைவூட்டி, வைல் (ஏனெனில்) என்று தொடங்கும் வாக்கியங்களைத் தமிழ் ஒழுங்கோடு ஒப்பிட்டபோது அச்சம் தணிந்தது. தாய்மொழிக்கு வகுப்பில் இடமே கூடாது என்ற விதியை நாம் தளர்த்தியது நல்லதே.

செபாஸ்டியன் லைட்னர் 1972இல் தமது நூலில் விவரித்த சொல்லட்டைப் பெட்டி முறையை (தெரிந்த சொல்லின் அட்டை அடுத்த அறைக்கு நகரும், தெரியாதது முதல் அறைக்குத் திரும்பும்) வகுப்பின் தொடக்க நிமிடங்களில் பயன்படுத்தியவர்கள், தாமதமாக வருவோர் குறைந்ததாகத் தெரிவித்தார்கள். இணையவழி வகுப்புகளில், எல்லோரும் விடையைத் தட்டச்சு செய்து, ஆசிரியர் சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை ஓரளவு பலன் தந்தது; கேமராவை அணைத்துவிட்டு மறைந்துகொள்ளும் பழக்கத்துக்கு இன்னும் தீர்வு காணவில்லை. கைப்பேசிச் செயலிகளில் நடத்தும் வினாடி வினாவின் கவர்ச்சியோ சில வாரங்களில் தீர்ந்துபோனது.

வரும் ஆண்டில் வகுப்புப் பார்வையிடலைத் தொடர்வது, நோயாளி அட்டைகளை பி2 நிலைக்கும் விரிவாக்கிப் பொதுத் தொகுப்பாக வைத்துக்கொள்வது, இணையவழி வகுப்புகளுக்கெனத் தனிக் கூட்டம் நடத்துவது ஆகிய மூன்றையும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பிறர் அமர்ந்து கவனிக்கத் தங்கள் வகுப்பறைகளைத் திறந்துவிட்ட உறுப்பினர்களுக்கு நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்