ஸ்டைல் போட்டால் சொந்தப் பாட்டு இல்லையா?

சொந்தப் பாட்டுப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். “கீபோர்டில் உள்ள ஸ்டைல்களைப் பயன்படுத்திய பாடல்கள் ஏற்கப்படமாட்டா, பதிப்புரிமைச் சிக்கல்” என்று உங்கள் விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. ஸ்டைல் என்றால், நாம் பிடிக்கும் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கு) ஏற்பக் கீபோர்டே வாசிக்கும் தயார் பின்னணி இசை. அந்த வரியால் என் பாட்டு திரும்பி வந்தது. கோபம் ஆறட்டும் என்று இரண்டு வாரம் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் தவில் வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இடது கையில் டி மைனர் கார்டு பிடித்து, ஸ்டார்ட் பட்டனைத் தட்டினால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் கூடவே வரும். வேலை முடிந்து வந்து மெட்டுப் போடுகிறவனுக்கு அதுதான் வாத்தியக் குழு.

சரி, பதிப்புரிமைக்கு வருவோம். ஆதி தாளம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை வைத்து ஒருவர் உட்கார்ந்து எழுதிய ஸ்டைலுக்கு உரிமையாளர் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. யமஹாவின் அண்மைக்காலக் கையேடுகளையே எடுத்துப் பாருங்கள். கருவியை அதற்குரிய முறையில் வாசித்து, பாட்டாக்கிப் பதிவு செய்து வெளியிட அனுமதி கேட்க வேண்டியதில்லை, காசுக்கு விற்றாலும் சரி. ஸ்டைலைத் தனியாக உருவி எடுப்பதும், ஏறக்குறைய அப்படியே பதிவு செய்து பரப்புவதும்தான் கூடாது. மற்ற நிறுவனங்களின் நிபந்தனை வேறாக இருக்கலாம், அந்தந்தக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது, பாட்டுக்குத் தொடக்க இசை தரும் இன்ட்ரோ பட்டனை. சில ஸ்டைல்களில் அதை அழுத்தினால் நாலு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு குட்டி மெட்டே ஓடும். என் பாட்டிலும் முதலில் அது இருந்தது. அடுத்தவர் மெட்டில் என் பாட்டு தொடங்குவது உறுத்தியது. எடுத்துவிட்டு, புல்லாங்குழல் ஒலியில் எட்டு பார் நானே எழுதினேன். நடுவர்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உங்கள் பயத்துக்கு யூடியூப்பும் காரணமாக இருக்கலாம். ஒரே ஸ்டைலில் இருவர் பாட்டுப் போட்டு, ஒருவர் தன்னுடையதை, ஒத்த ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் பதிந்தால், மற்றவருக்கு உரிமைக் கோரிக்கை வந்து நிற்கலாம். பலரும் பயன்படுத்தும் லூப்களை (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டுகளை) அப்படிப் பதியக் கூடாது என்பது யூடியூப்பின் விதியே. யார் பார்க்கிறார்கள்! நீங்களாவது, ஸ்டைல் கலந்த பாடல்களை அதில் பதியாதீர்கள்.

அந்த வரியை எடுத்துவிட்டு, “மெட்டும் வரிகளும் சொந்தமாக இருக்க வேண்டும், எந்தக் கருவி, எந்த ஸ்டைல் என்று குறிப்பிடவும்” என்று போடலாமே. அப்புறம், பதிப்புரிமை பற்றிப் பேசுவதால் இன்னொன்று: 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய சட்டம், படைப்பாளியைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டவேண்டும் என்கிறது. போன முறை மேடையில் பாடகர்கள் பெயரை மட்டுமே வாசித்தீர்கள்.

விதிமுறை மாறினால் அதே பாட்டை மறுபடி அனுப்புகிறேன். இரண்டாவது சரணத்தில் ஒரு ஃபில்-இன் (இடையே வரும் சிறு டிரம்ஸ் உருட்டல்) கூடுதலாக விழுந்திருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிட்டு.

இப்படிக்கு,
தேக்காவில் கீபோர்டு வாங்கப் போய் மணிக்கணக்கில் நின்ற ஒருவன்