மென்ஸ் ஷெட்: முதலில் வாங்க வேண்டியது ரம்பம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் ஆண்கள் கூடி மரவேலை செய்யும் 'மென்ஸ் ஷெட்' பட்டறைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்களின் தனிமைக்கு அவை நல்ல மருந்து என்கிறது. சரிதான். ஆனால் ஒரு கொட்டகையும் பத்து இயந்திரங்களும் இருந்தால் மற்றதெல்லாம் தானே நடந்துவிடும் என்ற எண்ணத்தையும் அது தருகிறது. அந்த எண்ணத்தில் தொடங்கும் பட்டறையில் இரண்டாம் வருடம் இயந்திரம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

கட்டுரையில் விடுபட்ட வரலாறு கொஞ்சம். தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வாவில் 1993இல் தொடங்கிய பட்டறைதான் முன்னோடி. அதைத் தொடங்கியவர் மாக்ஸின் சேஸ்லிங் என்ற பெண்மணி என்பது பலருக்குத் தெரியாது. 'மென்ஸ் ஷெட்' என்ற பெயரோடு விக்டோரியாவின் டொங்காலாவில் 1998 ஜூலையிலும், சிட்னியின் லேன் கோவில் அதே ஆண்டு டிசம்பரிலும் பட்டறைகள் திறந்தன. இவற்றுக்கான தேசியச் சங்கம் 2007இல் உருவானது. இன்று அந்த நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் உள்ளன; அயர்லாந்து, பிரிட்டன், நியூசிலாந்து வரை பரவியிருக்கிறது. ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றுதான் பேசுவார்கள் என்பது இந்த இயக்கத்தின் வாசகம்.

அந்த வாசகத்தில் ஒரு சிக்கல் உண்டு. தோளோடு தோள் நின்றாலும், ரம்பம் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. காதில் ஒலித்தடுப்பான் இருக்கும். செவிப்புலன் கருவி போட்டவர் அதைக் கழற்றி வைத்திருப்பார். பேச்சு நடப்பது தேநீர் வேளையில். அதனால்தான் நன்றாக நடக்கும் பட்டறைகளில் அந்த வேளைக்கு எல்லா இயந்திரங்களும் நிறுத்தப்படும். 'இந்த ஒரு வெட்டு மட்டும்' என்பதற்கு இடமில்லை. தேநீர் அறைக்குக் கதவும் சுவரும் வேண்டும். பட்டறையின் மூலையில் ஒரு மேசையைப் போட்டால் தூசி கோப்பையில் விழும், சத்தமும் ஓயாது. முதல் பணத்தை அந்த அறைக்குச் செலவிடுங்கள்.

அதற்கும் முன்னால், ஏழெட்டுப் பேர் கூடிச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் உள்ளூர் கவுன்சிலில் இடம் வாங்குவதும், பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுப்பதும் கடினம். தேசியச் சங்கத்தில் உறுப்பினரானால் காப்பீட்டுக்கும் தொடக்க மானியத்துக்கும் வழிகாட்டுவார்கள்.

இயந்திரங்கள் வாங்க அலைய வேண்டியதே இல்லை, வந்து குவியும். யாராவது இறந்தால் அவருடைய கராஜில் இருப்பதையெல்லாம் குடும்பத்தார் கொண்டுவந்து இறக்குவார்கள். மறுக்க மனம் வராது. ஆனால் நாற்பது வருடப் பழைய மேசை ரம்பத்தில் பற்களை மூடும் காவலும் இருக்காது, பிளவுக் கத்தியும் இருக்காது. பிளவுக் கத்தி என்பது சுழலும் ரம்ப வட்டின் பின்னால் நிற்கும் தகடு. வட்டின் உடல் தடிமனைவிடச் சற்றுக் கூடுதலாகவும், அது வெட்டும் பிளவைவிடக் குறைவாகவும் அது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அறுபட்ட மரம் பின்னால் நெருங்கி, மேலெழும் பற்களைக் கவ்வும். பலகை அறுப்பவரின் வயிற்றை நோக்கிப் பாய்ந்து வரும். அறுப்பின் கடைசி 300 மில்லிமீட்டருக்குப் பலகையைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். சுழலும் எதன் அருகிலும் கையுறை கூடாது. கையைக் காப்பதற்குப் பதில் கையை உள்ளே இழுத்துவிடும். மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஓடத் தொடங்காத சுவிட்சும், 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் இல்லாமல் எந்த இயந்திரத்தையும் இணைக்கக் கூடாது. இவற்றைப் பொருத்த முடியாத நன்கொடையைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

வேகமாகக் கெடுப்பது ரம்பம். மெதுவாகக் கெடுப்பது தூசி. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. துணிப்பை மாட்டிய மலிவான தூசி உறிஞ்சி கண்ணுக்குத் தெரியும் சுருளைப் பிடித்துக்கொண்டு, நுரையீரலுக்குள் போகும் நுண்தூளைப் பையின் வழியே அறைக்கே திருப்பி அனுப்பும். அதைக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள். மாலையில் துடைப்பத்தால் பெருக்குவது அன்று அடங்கிய தூசியையெல்லாம் மறுபடி கிளப்பும் வேலை. நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சிதான் சரி, பெருக்கியே ஆக வேண்டுமானால் நுண்தூளைத் தடுக்கும் பி2 (P2) முகக்கவசம்.

இலவசமாக வரும் மரத்தையும் சந்தேகப்படுங்கள். பச்சை நிறமேறிய பழைய பைன் பலகையில் ஆர்சனிக் கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றப்பட்டிருக்கலாம். அதை உப்புத்தாளால் தேய்க்கவோ எரிக்கவோ கூடாது. சரக்கு அடுக்கும் மரத்தட்டில் (பேலட்) 'எச்டி' (HT) முத்திரை இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்பி' (MB) என்றால் மெதில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது, வேண்டாம். 1970க்கு முந்தைய வண்ணப்பூச்சு என்றால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மரப் பொம்மை செய்தால் சக்கரமும் அச்சும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் அடங்கக் கூடாது, இழுத்தால் கழன்றும் வரக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவையுங்கள், அல்லது மூடியுள்ள இரும்பு வாளியில் தண்ணீரில் போடுங்கள். யாரும் இல்லாத இரவில் பட்டறை எரிவது இப்படித்தான்.

வருகிறவர்களின் உடலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறு வெட்டும் ஆம்புலன்ஸ் வேலையாகிவிடலாம். இதயமுடுக்கி பொருத்தியவர் மின்வெல்டிங் பக்கம் நிற்கக் கூடாது. அதனால் சேரும் நாளிலேயே ஒரு பக்கப் படிவம். எந்த இயந்திரத்தை யார் தனியாக ஓட்டலாம், யார் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு ஓட்டலாம், யார் தொடவே கூடாது என்று சுவரில் ஒரு பட்டியல். முப்பது வருடம் தச்சு வேலை பார்த்தவருக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும். சண்டை வருவது பெரும்பாலும் அவரிடமிருந்துதான்! நினைவு மங்கத் தொடங்கியவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கையால் தேய்ப்பது, ஆணி பிரித்து வைப்பது, வண்ணம் பூசுவது என்று வேலை நிறைய இருக்கிறது.

இன்னொரு வழியிலும் பட்டறை கெடும்: ஆர்டர். பள்ளிக்கூடத்துக்கு இருபது பெஞ்சு, கடைக்கு நாற்பது பறவைப் பெட்டி என்று ஒத்துக்கொண்டால் தவணை வரும், மேற்பார்வை வரும், அவரவர் விட்டுவந்த அலுவலகம் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். பணம் வேண்டும்தான். இரண்டு ஆர்டருக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள்.

மனநலம் என்ற சொல்லை வாசல் பலகையில் எழுதாதீர்கள். அதைப் பார்த்ததும் பலர் திரும்பிப் போய்விடுவார்கள். வருகைப் பதிவேடு போதும். ஒருவர் தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் ஒருவர் போன் செய்ய வேண்டும், அது யார் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் மருத்துவர்கள் அல்லர்; மன நெருக்கடியில் அழைக்கும் லைஃப்லைன் உதவி எண் 13 11 14 தேநீர் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கட்டும்.

கடைசியாக, பிள்ளைகளோடு சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் நம் அப்பாக்களைப் பற்றி. தமிழருக்கென்று தனி ஷெட் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒரு வருடம் போய்வரட்டும். ஆங்கிலம் அவ்வளவு பெரிய தடை இல்லை. அளவும் கோணமும் விரலால் காட்டலாம். கோப்பு பார்த்துக் கையெழுத்துப் போட்டே ஓய்வுபெற்றவருக்கு உளி பிடிப்பது 'ஆசாரி வேலை' என்ற எண்ணம்தான் பெரிய தடை. அதை வெளியே சொல்லமாட்டார், முழங்கால் வலி என்பார். அவரிடம் வேலை செய்யப் போங்கள் என்று சொல்லாமல் ஒரு நாள் தேநீர் வேளைக்குக் கூட்டிப் போங்கள். செருப்போடு போனால் பட்டறைக்குள் விடமாட்டார்கள். விரல் மூடிய காலணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிட்னி