டிஃபெண்டரை அணைத்துவிட்டுக் கணினியைத் திருப்பித் தராதீர்கள்: வட சென்னை கணினி சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று தெருவுக்குத் தெரு கணினி சர்வீஸ் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

வியாசர்பாடியில் ஒரு வீட்டு லேப்டாப்புக்கு அண்மையில் நேர்ந்த கதியை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணுடையது அது. ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது என்று கடையில் கொடுத்தார். ஃபார்மட் அடித்து, விண்டோஸ் போட்டு, டிசைன் மென்பொருளும் ஏற்றி, "ஆன்டிவைரஸ் எல்லாம் போட்டாச்சும்மா" என்று சொல்லித் தந்தார்கள். சில வாரம் கழித்து ஒரு காலையில் எந்தப் படமும் திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஃபோல்டர்தோறும் ரீட்மி என்ற பெயரில் ஒரு கடிதம். 980 டாலர் கட்டினால் படங்கள் திரும்பும், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490 டாலர் போதும் என்று எழுதியிருந்தது. ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் நீங்கள் அறிந்த அதே ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கிருமி.

எந்தக் கடை என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கடை செய்ததைத்தான் பல கடைகளும் செய்துகொண்டிருக்கின்றன.

அந்த லேப்டாப்பில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பார்த்தபோது முதல் வரியே சி டிரைவ். முழு டிரைவையும் சோதிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டிசைன் மென்பொருளை உரிமம் வாங்காமல் ஓட்ட வைக்கும் கிராக்கை, விண்டோஸிலேயே உள்ள ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை அது. அந்தப் பெண் பின்னொரு நாள் ஏதோ ஒரு தளத்திலிருந்து இலவச ஆல்பம் டெம்ப்ளேட் என்று ஒரு ஜிப் கோப்பை இறக்கினார். அது சி டிரைவில்தான் வந்து விழுந்தது, அங்கேதான் ஓடியது. டிஃபெண்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காதே என்று கடையில்தானே சொல்லி வைத்தார்கள்.

மூன்று வீட்டுக் கல்யாணப் படங்கள் போயின. கேமராமேன் மெமரி கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார். பேக்கப் எடுத்து வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் அந்த நேரத்தில் லேப்டாப்பிலேயே செருகியிருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. முகூர்த்தத்தை மறுபடி நடத்திப் படம் எடுக்க முடியுமா? வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரலாம். அந்த மூன்று வீட்டாருக்கும் அவர் என்ன பதில் சொல்வார்?

இந்தக் கிருமி ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது. அதனால்தான் ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறது. பெரிய வீடியோக்களை ஓரளவு மீட்கலாம். சாதாரண ஜேபெக் படத்தில் தலைப்பகுதியே போய்விடுவதால் நல்லபடியாக மீள்வது அரிது. இதோடு கடவுச்சொல் திருடும் கிருமியும் சேர்ந்து வரும் பழக்கம் உண்டு. ஆகவே பிரவுசரில் சேமித்து வைத்த வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றியாக வேண்டும்.

அவர் மறுபடி கடைக்கு ஓடியபோது கிடைத்த பதில், "ஃபார்மட் போட்டுத் தந்துடறேன்." இது பெரிய தவறு. ஒவ்வொரு கணினிக்கும் குற்றவாளிகளின் சர்வர் தனியாகத் தரும் ஆன்லைன் சாவியால் பூட்டியிருந்தால் இப்போதைக்கு வழியில்லை. சர்வர் கிடைக்காதபோது பலருக்கும் பொதுவாகப் போடும் ஆஃப்லைன் சாவியாக இருந்து, அந்தச் சாவி பின்னால் வெளியானால், எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இலவசக் கருவி அதைத் திறக்கக்கூடும். அதற்குப் பூட்டிய கோப்புகளும் அந்த ரீட்மி கடிதமும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் அவற்றை வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள், நோ மோர் ரான்சம் தளத்தில் வகையைச் சோதியுங்கள், அதற்குப் பிறகு ஃபார்மட் செய்யலாம். பண மோசடி கலந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசச் சொல்லுங்கள்.

உங்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: டிஃபெண்டரை அணைத்த நிலையிலோ, விலக்குப் பட்டியலில் டிரைவைச் சேர்த்த நிலையிலோ ஒரு கணினியையும் திருப்பித் தராதீர்கள்.

"கிராக் இல்லாமல் விண்டோஸ் போட்டால் கஸ்டமர் காசு தருவாரா" என்று கேட்கிறீர்கள். அந்த லேப்டாப்புக்குக் கிராக்கே தேவையில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்ற லேப்டாப்புகளில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென் டிரைவில் நிறுவியைத் தயாரித்து, அந்த லேப்டாப்பின் உரிமம் எந்தப் பதிப்புக்கோ அதே பதிப்பைப் போட்டால், இணையத்தோடு இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அவருடையது ஹோம் பதிப்பு உரிமம். அந்தக் கடையின் பென் டிரைவில் ப்ரோ இருந்ததால் ப்ரோவைப் போட்டு, அதற்கு நிறுவனங்களுக்கான ஆக்டிவேஷன் முறையைப் போலியாக்கும் கேஎம்எஸ் கிராக்கை ஓட்டி, அந்தக் கிராக்கை ஓட்ட டிஃபெண்டரை அணைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் உரிமம் இருக்கும்போதே அவர் வீட்டுக்குள் திருட்டுப் பதிப்பு வந்துவிட்டது.

வீட்டில் இருப்பவர்களும் இதைக் கண்டுபிடிக்கலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவையால் இயக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், வீட்டுக் கணினியில் அது கேஎம்எஸ் கிராக்கின் தடம்.

அடுத்தது, "ஆன்டிவைரஸ் போட்டாச்சு" என்ற அந்த வார்த்தை. எதைப் போட்டீர்கள்? சாவியை ஏமாற்றி, அப்டேட்டைத் தடுத்து வைத்த விலைக்குரிய ஆன்டிவைரஸ் ஒன்றை ஏற்றுகிறீர்கள். வேறொரு ஆன்டிவைரஸ் தன்னைப் பதிவு செய்தவுடன் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். புதியதோ தினசரி வரவேண்டிய வைரஸ் குறிப்புகளைப் பெறுவதில்லை. ஓய்வு பெற்ற காவலாளிக்குச் சீருடை மாட்டி வாசலில் நாற்காலி போட்டதுபோல, விண்டோஸும் வீட்டுக்காரரும் காவல் இருப்பதாகவே நம்புகிறார்கள். இதைவிட எதுவும் போடாமல் விட்டால் டிஃபெண்டராவது வேலை செய்திருக்கும்.

இலவசமாகவே நல்ல பாதுகாப்பு கிடைக்கும் காலம் இது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. அதைச் சரியாக இயக்கித் தந்தால் சாதாரண வீட்டுக்குப் போதும் என்பதே எங்கள் முடிவு. ரியல் டைம், கிளவுட், டேம்பர் ப்ரொடெக்‌ஷன் மூன்றும் ஆன் ஆகியிருக்க வேண்டும். ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதியில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பையும் ஆன் செய்யுங்கள். ஸ்பைவேர், டூல்பார், விளம்பரச் செயலி போன்றவற்றில் பெரும்பகுதியை அதுவே வாசலில் நிறுத்திவிடும். படம், கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸையும் போட்டுக் கொடுங்கள். அது தானாக ஆன் ஆகாது. போட்டால் தெரியாத செயலி எதுவும் அந்த ஃபோல்டர்களில் கைவைக்க முடியாது. சில நல்ல மென்பொருள்களையும் அது தடுக்கும் என்பதால், அவற்றை எப்படி அனுமதிப்பது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வேறு இலவச ஆன்டிவைரஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு நல்லது, தொல்லை குறைவு. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் எல்லாம் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். அவாஸ்ட் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் அம்பலமாகி, அந்தத் துணை நிறுவனத்தையே மூடினார்கள். அமெரிக்க வணிக ஆணையம் அதற்காக 2024இல் 165 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. வேவு பார்க்கும் மென்பொருளைத் தடுக்கப் போட்ட ஒன்றே வேவு பார்த்த கதை இது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வாடிக்கையாளர் முடிவு செய்யட்டும்.

காவலுக்கு ஒன்று மட்டும் இருக்கட்டும். எப்போதும் ஓடும் இரண்டை ஒரே கணினியில் போட்டால் ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுக்கும், ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினி அப்படியே நின்றுவிடும். ஸ்லோ என்று உங்களிடம் வரும் கணினிகளில் எத்தனைக்கு இதுதான் காரணம் என்று உங்களுக்கே தெரியும். பழையதை நீக்கும்போது அந்தந்த நிறுவனம் தரும் நீக்கும் கருவியையும் ஓட்டுங்கள். மிச்சம் மீதி இருந்தால் டிஃபெண்டர் எழுந்திருக்காது.

சந்தேகம் வந்தால் சோதிக்க மட்டும் இரண்டாவது கருவி. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, அவர்களுடைய ஆட்வ்கிளீனர், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் ஆகியவை போதும். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். மால்வேர்பைட்ஸ் 14 நாள் சோதனைக் காலம் முடிந்ததும் கைமுறைச் சோதனைக்கு மட்டுமான இலவசப் பதிப்பாகிவிடும். அதற்குள் டிஃபெண்டரை ஒதுக்கிவிடாமல் இருக்க, செக்யூரிட்டி சென்டரில் தன்னைப் பதியும் அமைப்பை அதன் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். பிடிவாதமான கிருமிக்கு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கும், கால் மணி நேர வேலை. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் கிருமி நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

பழைய கணினிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் நம் வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்துவிட்டது. அதன் மேல் எந்த இலவச ஆன்டிவைரஸைப் போட்டாலும் விண்டோஸின் ஓட்டை அடைபடாது. அதில் வங்கி வேலை பார்க்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். படிக்க, எழுத, படம் பார்க்க மட்டும் என்றால் எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி லினக்ஸ் போட்டுக் கொடுங்கள். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் ஆதரவு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் ஈஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் காசில்லாமலே வரும். இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். செய்து கொடுத்த கடைகள் எத்தனை?

இன்னொன்று, உங்கள் சர்வீஸ் பென் டிரைவ். வீடு வீடாகப் போய் வருவது அதுதான். ஜெராக்ஸ் கடையில் ஒட்டும் ஷார்ட்கட் வைரஸும் கிராக் ஃபோல்டரும் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. எழுதுவதைத் தடுக்கும் பொத்தான் உள்ள பென் டிரைவ் வாங்குங்கள், இல்லையேல் நிறுவியை அடிக்கடி புதிதாகத் தயாரியுங்கள்.

குற்றம் எல்லாம் உங்கள் மேல்தான் என்று சொல்லவில்லை. லேப்டாப் விற்பவர்கள் சோதனைக் கால ஆன்டிவைரஸை முன்கூட்டியே ஏற்றித் தருகிறார்கள். காலம் முடிந்ததும் அது பயமுறுத்துகிறது. அதே பெயரில் பிரவுசர் நோட்டிஃபிகேஷனாகப் போலி எச்சரிக்கை வந்தால் மக்கள் நம்பிச் சொடுக்குகிறார்கள். குரோமில் தளங்களுக்கான நோட்டிஃபிகேஷன் அனுமதியை நீக்கினால் அது நின்றுவிடும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கல்லூரி விண்ணப்பம், ரேஷன், வங்கி, வரி எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றிய அரசும் வங்கிகளும், அந்த ஆன்லைனைத் தொடும் கணினி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. எண்ணூரில் இருக்கும் ஒருவருக்கு இதைச் சொல்ல ஆள் என்றால், அவர் தெருமுனையில் கடை வைத்திருக்கும் நீங்கள்தான். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த வருடங்களில் நனைந்த சிபியூவைத் திறந்து உலர்த்தி டேட்டாவை எடுத்துக் கொடுத்தவர்களும் நீங்கள்தான். அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறோம்.

தயவுசெய்து, டிஃபெண்டரை அணைத்த நிலையில் ஒரு கணினியையும் திருப்பித் தராதீர்கள். என்ன விண்டோஸ், என்ன உரிமம், எந்த ஆன்டிவைரஸ், விலக்குப் பட்டியல் காலியா என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். அதற்குக் கூடுதலாக இருநூறு ரூபாய் கேட்டாலும் தருகிறோம்.

ஏற்கெனவே உங்களிடம் வந்துபோன கணினிகளையும் கூப்பிட்டுப் பாருங்கள். எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைக் காலி செய்யுங்கள். செட்டிங்ஸ் மங்கலாகி, நிர்வாகியால் கட்டுப்படுத்தப்படுகிறது என்று காட்டினால், ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட் வரிசையில் விண்டோஸ் டிஃபெண்டர் என்ற கீயின் கீழே கிராக் எழுதி வைத்ததை நீக்கி மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு அப்டேட், அதன்பின் முழு ஸ்கேன். பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இந்த மாதத்திலேயே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்கள்