அந்தத் தொட்டிகளைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ "ம்", "சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். எனக்கும் போனில் வார்த்தை சரியாக வருவதில்லை. தம்பி டைப் அடித்து அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்று நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாயே, "ஜின்னியா எல்லாம் போச்சுப்பா, தொட்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன்" என்று, அதிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. கொடுத்துவிட்டாயா? இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. கொடுத்திருந்தால் மண்ணோடு திருப்பி வாங்கி வை. தொட்டி பெரிய விலை இல்லை என்று எனக்கும் தெரியும். இருக்கட்டும், வாங்கி வை.

செடி போனது உன் கைக்குற்றம் இல்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீ ஆவணியில் அனுப்பிய போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இலை மேல் மாவு தூவியது போல வெள்ளையாக இருந்ததே, அது சாம்பல் நோய். அந்த மாதங்களில் பெங்களூரில் வெயிலே தலைகாட்டாது, மேகமூட்டமும் ஈரக் காற்றுமாக இருக்கும். காற்றோட்டம் இல்லாத பால்கனி வேறு. அந்த நிலைமையில் யார் வளர்த்தாலும் வந்திருக்கும். நீ தண்ணீர் அதிகம் விட்டதால் போகவில்லை. ஊருக்குப் போயிருந்தபோது பார்க்காமல் விட்டதால் போகவில்லை. மாடிப்படி ஏறி இறங்கியதால் எதுவும் ஆகவில்லை. உன்னால் ஆனது ஒன்றும் இல்லை பாப்பா.

இங்கே எனக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நம் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிணற்றடிப் பாத்தி முழுக்க முழங்கால் தண்ணீர். ஜின்னியாவுக்கு வேர் தண்ணீரில் நின்றால் ஆகாது, தண்ணீர் வடிந்தபோது தண்டெல்லாம் கறுத்து அழுகிப் போயிருந்தது. மொட்டு கட்டியிருந்த செடிகள். அம்மா பின்கட்டுக் கதவையே சாத்தி வைத்திருந்தாள். அந்தப் பாத்தியைப் பொங்கலுக்கு அப்புறம்தான் கொத்தினேன். அதற்கு முன்னால் கொத்து என்று யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. உன்னையும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அத்தை ஏதாவது சொன்னால் காதில் வாங்காதே. மாப்பிள்ளை அப்படிச் சொல்கிறவர் இல்லை.

இந்த முறை மார்கழியில் மழை ஓய்ந்ததும் விதைத்தேன், இப்போது மாசியில் பாத்தி நிறையப் பூ. அரக்கு, ஆரஞ்சு, ரோஸ், அப்புறம் அந்த எலுமிச்சைப் பச்சை. நீதானே முதலில் கொண்டுவந்தாய். முதல் சம்பளத்தில் எல்லோருக்கும் துணி எடுத்துவிட்டு, எனக்கு மட்டும் விதைப் பாக்கெட் வாங்கி வந்த பெண். பெனாரிஸ் ஜெயன்ட் என்று பெயரைப் படித்துக் காட்டினாய். ஆயா அப்போது இருந்தது. "சாமிக்கும் ஆகாம தலைக்கும் ஆகாம எதுக்குடி பூவு" என்று கேட்டது. நம் வீட்டில் பூ என்றால் காக்கட்டான், கனகாம்பரம். முழம் போட்டு வாங்கித்தான் பழக்கம், காம்போடு வெட்டி ஜாடியில் வைப்பதை யார் கண்டார்கள். கடைசி நாட்களில் ஆயா கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பூதான் இருந்தது. தண்ணீர் மாற்றினாயா என்று தினம் கேட்கும். அதெல்லாம் நீ கொண்டுவந்தது. உன் கை பட்ட எதுவும் வராது என்று நீ போனில் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

இப்போது எப்படி வெட்டுகிறேன் என்று சொல்கிறேன், நீயும் தெரிந்துகொள். காலையில் வெயில் ஏறும் முன், பனி ஈரம் காய்ந்த பிறகு. பூவுக்குக் கீழே முக்கால் அடி தள்ளித் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். தலை தொளதொளவென்று ஆடினால் இன்னும் ஆகவில்லை, வெட்டினால் அன்றைக்கே தொங்கிவிடும். தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம். ரோஜா மாதிரி மொட்டாக வெட்டினால் ஜாடியில் விரியும் என்று நினைக்காதே, ஜின்னியா செடியில்தான் முழுதாக விரிய வேண்டும். வெட்டும்போது கிளை பிரிகிற இடம் வரை கீழே போய் வெட்டணும். கிள்ளினாற்போல மேலே வெட்டினால் அடுத்து வருகிற காம்பெல்லாம் குட்டையாகப் போகும். வெட்டின கையோடு பக்கெட் தண்ணீரில் போட்டு, தண்ணீருக்குள் இருக்கிற இலையை எல்லாம் உருவிவிட வேண்டும். தண்ணீரைத் தினம் மாற்று, இந்தப் பூவின் தண்ணீர் சீக்கிரம் கலங்கிக் கொழகொழவென்று ஆகிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம் நிற்கும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதே, அந்தக் குளிர் இதற்கு ஆகாது. மெக்சிகோ செடி, வெயிலில் பிறந்தது.

ராத்திரி தூங்குகிறாயா? அன்றைக்கு நான் பாத்ரூம் போக எழுந்தபோது மணி இரண்டரை. வாட்ஸ்அப்பில் நீ இருப்பதாகக் காட்டியது. வேவு பார்க்கவில்லை, மணி பார்க்க எடுத்தேன். மறுநாளும் அப்படியே. ஆபீஸ் வேலை என்று சொல்வாய். சரி. பால் குடித்துவிட்டுப் படு. போனை வேறு அறையில் வை.

வெட்டிய பூவை இங்கே யாருக்கெல்லாம் கொடுக்கிறேன் என்று கேட்டாய். எதிர் வீட்டு டீச்சருக்கு ஒரு கட்டு. ஒயிட் டவுனில் தம்பியின் நண்பன் கபே வைத்திருக்கிறான், சனிக்கிழமை அவனுக்கு இரண்டு கட்டு, பணம் கொடுக்கிறான். நீ அந்தக் காலத்தில் சொன்னபடி அதைத் தனி உண்டியலில் போட்டு வருகிறேன், விதைக்கும் எருவுக்கும். மீதி அம்மாவின் மேஜையில். டீச்சர் அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போகிறவர் அல்லவா, அங்கே அன்னை ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குணத்தைச் சொல்லியிருக்கிறாராம், ஜின்னியாவுக்குச் சொன்னது தாங்கும் திறன் என்றார். நல்ல பெயர்தான். ஆனால் அதை உனக்குப் புத்திமதியாகச் சொல்ல நான் இதை எழுதவில்லை. தாங்கிக்கொள், தாங்கிக்கொள் என்று ஆடியிலிருந்து எல்லோரும் உன்னிடம் சொல்லிவிட்டார்கள். நீ தாங்கியது போதும். அழ வேண்டும் என்றால் அழு. அம்மாவிடம் அழ முடியவில்லை என்றால் என்னிடம் அழு, நான் எதுவும் கேட்க மாட்டேன்.

சித்தி மகள் வளைகாப்புக்கு நீ வராததற்கு ஆபீஸில் ஆடிட் என்று சொல்லிவிட்டேன். சித்திக்கு வருத்தம்தான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நீ வந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்காவது ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் பாப்பா. மண்டபத்து வாசலில் உன் பஸ் வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். அது ஒன்றுதான் எனக்குக் குறை. அதுவும் இப்போது இல்லை.

அப்புறம் அந்தத் தொட்டி விஷயம். இது நல்ல சமயம், மாசி பங்குனியில் பெங்களூரில் நல்ல வெயில் அடிக்கும். ஒரு அடி வாய் உள்ள தொட்டி போதும். பழைய மண்ணை அப்படியே போடாதே, காய்ந்த இலை தண்டு ஒன்று விடாமல் எடுத்துவிட்டு மண்ணை வெயிலில் பரப்பிக் காயவை. நோய் அந்தச் சருகில்தான் தங்கியிருக்கும். பாதிக்குப் பாதி புது மண்ணும் மண்புழு உரமும் சேர். யூரியா கீரியா போட்டுவிடாதே, இலைதான் வரும். விதையைக் கால் அங்குல ஆழத்தில் போட்டு லேசாக மூடினால் போதும். ஒரு தொட்டிக்கு இரண்டே விதை. நிறையப் போட்டுவிட்டு அப்புறம் பிடுங்கி எறிகிற வேலை உனக்கு வேண்டாம். நாற்று விட்டு மாற்றி நடவும் வேண்டாம், வேரை அசைத்தால் இதற்குப் பிடிக்காது. ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். அறுபது எழுபது நாளில் பூ.

தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் செடி வெளிச்சம் தேடி நீளமாக ஓடும், காம்பில் பலம் இருக்காது. உன் பால்கனி கிழக்கா, தென்கிழக்கா? எனக்குச் சரியாக நினைவில்லை. வெயில் இல்லை என்றால் மொட்டை மாடியில் வைக்க அசோசியேஷனில் கேட்கலாம்.

தண்ணீருக்கு நேரம் குறித்துக்கொண்டு ஊற்றாதே. விரலை மண்ணில் விட்டுப் பார், காய்ந்திருந்தால் ஊற்று. இலை நனையாமல் அடியில் ஊற்று. காலேஜில் இருந்தபோது நீதான் அந்தப் படத்தை எனக்கு அனுப்பினாய், 2016 ஜனவரியில் விண்வெளி நிலையத்தில் பூத்த ஆரஞ்சு ஜின்னியா. அங்கேயும் ஈரம் மிஞ்சிப் பூஞ்சை பிடித்தது, விசிறி வேகத்தைக் கூட்டிக் காயவைத்தால் அடுத்து மண் ரொம்பக் காய்ந்துவிட்டது. அங்கே இருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி கீழே இருந்தவர்களிடம் பேசி, எப்போது தண்ணீர் விடுவது என்பதை இனி நானே பார்த்து முடிவு செய்கிறேன் என்றார். இரண்டு செடி செத்துப்போனது, மற்றது அதற்குப் பிறகு பூத்தது. அவ்வளவு விஞ்ஞானிகள் இருந்தும் முதலில் செடி போகத்தான் செய்தது. அவரை யாரும் குறை சொல்லவில்லை. அந்தப் படம் இன்னும் உன் அலமாரிக் கதவில் இருக்கிறது. தம்பி அறைக்குப் பெயின்ட் அடித்தபோதும் நான் எடுக்க விடவில்லை.

செடி முக்கால் அடி, ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும், பக்கக் கிளை வர. அதை நீ செய்ய வேண்டாம். நான் வந்து செய்துகொள்கிறேன்.

ஆமாம், நான் வருகிறேன். மாப்பிள்ளை போன வாரம் போன் செய்தார். எதுவும் விவரமாகச் சொல்லவில்லை, நீ கோபித்துக்கொள்ளாதே. "மாமா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார், குரல் சரியில்லை. அவரும் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள். அவருக்கும்தான் போனது. அவரை யாரும் கேட்பதில்லை.

அம்மாவும் வருகிறேன் என்கிறாள். நான்தான் இந்த முறை வேண்டாம் என்றேன். அவள் வந்தால் ஜோசியர் சொன்னது, கோயில் வேண்டுதல் என்று ஆரம்பிப்பாள், உனக்கு அது வேண்டாம். அன்பில்தான் சொல்கிறாள், ஆனாலும் வேண்டாம். அடுத்த மாதம் அழைத்து வருகிறேன். இப்போதைக்குப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். நம் தோட்டத்து விதை கொண்டு வருகிறேன். காய்ந்த பூவில் இதழோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அம்பு முனை மாதிரி, அதுதான். நம் விதையில் சிலது ஒற்றை அடுக்காக வரும், பரவாயில்லை, பட்டாம்பூச்சிக்கு அதுதான் பிடிக்கும். இரண்டு கட்டுப் பூவும் பக்கெட்டில் தண்ணீரோடு எடுத்து வருகிறேன். பஸ்ஸில் கொஞ்சம் சிந்தும், கண்டக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

வராதே என்று மட்டும் சொல்லாதே. நீ லீவு போட வேண்டாம், சமைக்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம். எனக்குப் பால்கனியில் வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றே ஒன்று செய். காலையில் எத்தனை மணிக்குப் பால்கனிக்கு வெயில் வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அதை வைத்துத்தான் எத்தனை விதை எடுத்து வருவது என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா
லாஸ்பேட்டை, புதுச்சேரி