சக்கரத்தில் ஜெனரேட்டர் பொருத்தினால் போதுமா?

ஐயா,

சக்கரத்தில் ஒரு ஜெனரேட்டரைப் பொருத்திவிட்டால் மின்சார கார் சார்ஜ் போடாமலேயே ஓடிக்கொண்டிருக்கும் என்று கூறும் காணொளிகள் அடிக்கடி பகிரப்படுவதும், படித்தவர்களே அவற்றை நம்புவதும் வருத்தம் அளிக்கின்றன. சைக்கிள் டைனமோவை டயரோடு சேர்த்து அழுத்தியதும் பெடல் கனப்பதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். விளக்கை எரிக்கும் சக்தி ஓட்டுபவரின் காலிலிருந்துதான் போகிறது. காரிலும் ஜெனரேட்டர் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுவையை வெல்ல மோட்டார் பேட்டரியிலிருந்து கூடுதல் மின்சாரத்தை எடுக்கும். மோட்டாரும் ஜெனரேட்டரும் தலா 90 சதவீதத் திறனுடன் இயங்கினாலும், அதற்காகச் செலவழித்த 100 அலகில் 81 மட்டுமே திரும்பும். காற்றின் எதிர்ப்பிலும் டயரின் உராய்விலும் வீணாவது தனி.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தை மீட்கும் வசதி உண்மையானதே. நகர நெரிசலில் மிகவும் பயனுள்ளதும்கூட. ஆனால், வேகமெடுக்கச் செலவிட்டதில் ஒரு பகுதியைத்தான் அது மீட்கிறது. கூரையில் 2 சதுர மீட்டர் அளவுக்குச் சோலார் பேனல் பதித்தாலும் உச்சி வெயிலில் சுமார் 400 வாட்தான் கிடைக்கும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் காருக்கோ சுமார் 10,000 வாட் தேவை.

இத்தகைய 'கண்டுபிடிப்பு'ச் செய்திகளை வெளியிடும் முன், இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடமாவது கேட்டுச் சரிபார்க்குமாறு தங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், விருதுநகர்