தற்காலிக வீடு தர முன்வந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். மீட்ட நாய், பூனைகளுக்குத் தத்துப் போகும்வரை இடம் தர முன்வந்த உங்களுக்கு மனமார்ந்த நன்றி. கூட்டிப் போகும் முன் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ இருந்தால், புது வரவைக் குறைந்தது 14 நாட்கள் தனி அறையில் வையுங்கள். தட்டு, தண்ணீர்க் கிண்ணம், விரிப்பு எல்லாமே தனி. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ என்ற வைரஸ் கிருமி சாதாரண சோப்புக்குச் சாகாது, மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டும் வரும்.

கண் திறக்காத பூனைக்குட்டி என்றால் பசும்பால் வேண்டவே வேண்டாம், வயிற்றுப்போக்கில் துவண்டுவிடும். குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரை 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள், இரவிலும்தான். மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள், புரையேறும். தாயிடம் குடிப்பது போலக் குப்புறவே இருக்கட்டும். உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் கதகதப்பு, பிறகுதான் பால். குடித்தபின் ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் தடவிவிட்டால்தான் சிறுநீர் போகும். தினமும் எடை பார்த்துக் குறித்துவையுங்கள்.

வளர்ந்த நாய் முதல் சில நாட்கள் கட்டிலுக்கடியிலேயே கிடக்கலாம். இழுக்காதீர்கள். என்னிடம் இருந்த ஒன்று நான்காம் நாள் இரவுதான் மெல்ல வந்து என் கால்விரலை முகர்ந்தது. மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

எதற்குப் பயப்படுகிறது, குழந்தைகளிடம் எப்படி இருக்கிறது என்பதைக் குழுவில் எழுதிக்கொண்டே இருங்கள். தத்தெடுக்க வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அனுப்பும் நாளில் அழுகை வரும், எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. விரிப்பைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள், பழகிய வாசனை அதற்குத் துணை.

இப்போது இரண்டு குட்டிகள் இடமில்லாமல் இருக்கின்றன. அறை ஒதுக்க முடிந்தவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.