முன்கண்ணாடி பில்லில் விடுபடும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் போய் முன்கண்ணாடியில் கல்லடி வாங்குவது நம் நெடுஞ்சாலைகளில் புதிதல்ல. முன்பெல்லாம் அது அரை நாள் வேலை. பழைய கண்ணாடியை அறுத்து எடுத்து, பசை போட்டு, புதியதை உட்கார வைத்துவிட்டால் முடிந்தது. 2021-இல் எம்.ஜி. ஆஸ்டரும் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700-ம் வந்த பிறகு கதை மாறிவிட்டது. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, கியா செல்டோஸ், டாடா ஹாரியர் என்று பல வண்டிகளின் மேல் வேரியன்ட்களில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது. வண்டி தானாக பிரேக் பிடிப்பதும், லேன் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் அது பார்ப்பதை வைத்துத்தான். கண்ணாடியை மாற்றியபின் அந்தக் கேமராவுக்குக் கேலிப்ரேஷன், அதாவது அது பார்க்கும் கோணத்தைச் சரிபார்த்து அமைக்கும் வேலை, செய்தாக வேண்டும். பல எஸ்டிமேட்களில் அந்த வரியே இருப்பதில்லை.

“பழைய கேமராவை அதே இடத்தில்தானே மாட்டினோம்” என்பது வழக்கமான பதில். கேமரா பழையதுதான். ஆனால் அதைத் தாங்கும் பிராக்கெட் புதுக் கண்ணாடியோடு ஒட்டி வந்தது. பசை ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து நின்றாலே பார்க்கும் கோணம் மாறிவிடும். ஒரு டிகிரி விலகல் 50 மீட்டர் தூரத்தில் 87 சென்டிமீட்டராகிறது. நம் நெடுஞ்சாலை லேனின் அகலம் 3.5 மீட்டர். பக்கத்து லேனில் போகிற பைக்கை நம் முன்னால் இருப்பதாக எடுத்துக்கொண்டு வண்டி பிரேக் அடிக்கலாம்; உண்மையிலேயே முன்னால் நிற்பதைக் கவனிக்காமலும் விடலாம். டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்பதும் சான்றல்ல. கேமரா செத்துப்போனால் விளக்கு எரியும். சற்றே கோணலாகப் பார்ப்பதை எல்லா வண்டியும் தானே கண்டுபிடிக்காது.

கேலிப்ரேஷன் இரண்டு வகை. நிறுத்தி வைத்துச் செய்வதில், வண்டிக்கு முன்னால் கம்பெனி குறித்த தூரத்திலும் உயரத்திலும் கட்டம் போட்ட பலகையை நிறுத்தி, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வழியாகக் கேமராவுக்குப் பார்வையின் மையத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும், பலகை மீது கண்ணைக் கூசும் வெயில் விழக் கூடாது. மழைநீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்ட பட்டறைத் தரையில் இந்த வேலை தேறாது. டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். டிக்கியில் அரிசி மூட்டை இருந்தால் பின்பக்கம் தாழ்ந்து கேமரா வானத்தைப் பார்க்கும். வீல் அலைன்மென்ட் கோணலாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இன்னொரு வகை, ஸ்கேனரை மாட்டியபடி சீரான வேகத்தில் சாலையில் ஓட்டிச் செய்வது. கோடு அழிந்த நகரச் சாலையில் எத்தனை சுற்று சுற்றினாலும் அது முடியாது. சென்னைக்காரர்கள் வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போல் கோடு தெளிவாக இருக்கும் இடத்துக்கு, மழை இல்லாத பகலில் போக வேண்டும். சில வண்டிகளுக்கு இரண்டுமே தேவை. எது வேண்டும் என்பதைக் கம்பெனியின் சர்வீஸ் மேனுவல்தான் சொல்ல வேண்டும். பட்டறைக்காரரின் அனுபவம் இங்கே செல்லாது.

கண்ணாடியை வாங்குவதிலேயே தவறு தொடங்குவதும் உண்டு. ஒரே மாடலுக்கு மூன்று நான்கு வகைக் கண்ணாடி இருக்கும்: கேமரா பிராக்கெட் உள்ளது, இல்லாதது, மழை சென்சார் உள்ளது, சத்தம் குறைக்கும் படலம் வைத்தது. ஆகவே மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல், சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரைக் கேட்க வேண்டும். வேகத்தைக் கண்ணாடியிலேயே காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே இருந்தால், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் ஆப்பு வடிவில் இருக்கும். சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் எண்கள் இரட்டையாகத் தெரியும். அதை எந்தச் செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது. விலை குறைவு என்று பிராக்கெட் இல்லாத கண்ணாடியை வாங்கி, பழையதிலிருந்து பிராக்கெட்டைப் பெயர்த்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மழை சென்சார் தனிக் கதை. அது கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியைச் சாய்வாக விடுகிறது. வெளிப்பரப்பு காய்ந்திருந்தால் ஒளி அப்படியே பிரதிபலித்துத் திரும்பும். துளி விழுந்த இடத்தில் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். திரும்புவது குறைந்ததும் வைப்பர் ஓடும். சென்சாரையும் கண்ணாடியையும் இணைப்பது காசளவு மெத்தென்ற ஒரு ஜெல் பேட். பழைய பேடைப் பிய்த்துத் திரும்ப ஒட்டினால் உள்ளே காற்றுக் குமிழி நிற்கும். பளீரென்ற வெயிலில் வைப்பர் தானாக அடித்துக்கொள்வதும், கொட்டும் மழையில் சும்மா இருப்பதும் பெரும்பாலும் இந்தக் குமிழியால்தான். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் குமிழி தெரியும். பேட் புதிதாகத்தான் போட வேண்டும்.

பசை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முன்கண்ணாடி கூரைக்கும் பலம் தருகிறது. பல வண்டிகளில் பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது கண்ணாடி மீது சாய்ந்துதான் நிற்கிறது. கண்ணாடி பிய்ந்துகொண்டால் ஏர்பேக்கும் வெளியே போய்விடும். அதனால் பாலியூரிதேன் பசைதான். வீட்டு ஜன்னலுக்குப் பூசும் சிலிக்கான் அல்ல. பழைய பசையை உலோகம் தெரியச் சுரண்டக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சீவினால் அதன் மேல் புதுப் பசை நன்றாகப் பிடிக்கும். கத்தி பட்டுப் பெயிண்ட் கீறினால் அந்த இடத்தில் பிரைமர் வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் துரு வந்து பசையைத் தூக்கிவிடும். ட்யூப் மூக்கை ‘வி’ வடிவில் வெட்டி, முக்கோணமாக உயர்ந்து நிற்கும்படி இடைவெளி விடாமல் ஒரே கோடாக இழுக்க வேண்டும். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுகிறது. நம் கடலோர வெக்கையில் மேலே சீக்கிரம் ஆடை கட்டிவிடும். கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் கண்ணாடி ஒட்டாது. எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது ட்யூபின் விவரத் தாளில் இருக்கும். பசைக்குத் தக்கபடி அது ஒரு மணி நேரமாகவும் இருக்கும், பல மணி நேரமாகவும் இருக்கும். காலாவதித் தேதியைக் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கக் கதவை அறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியை வெளியே தள்ளும்.

கல் பட்டுச் சில்லு தெறித்த சிறிய காயத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. காசளவுக்குள் இருந்து, ஓரத்தைத் தொடாமல், ஓட்டுநர் பார்வையிலும் கேமரா பார்வையிலும் படாமல் இருந்தால் ரெசின் ஏற்றி நிறுத்திவிடலாம். அதுவரை மேலே டேப் ஒட்டி வையுங்கள். வெயிலில் சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த ஏ.சி. காற்றை நேராக அடித்தால் விரிசல் ஓடும்.

இனி இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டி பாலிசியில் கண்ணாடிக்கு எதுவும் கிடைக்காது. நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை, எஞ்சின் 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் நம் பங்கு. ஆனால் க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவான நோ க்ளெய்ம் போனஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 சதவீதம் சேர்த்தவர் க்ளெய்ம் செய்தால் அது பூஜ்யமாகி, 20, 25, 35, 45 என்று ஏறித் திரும்ப 50-க்கு வர வேண்டும். ஓன் டேமேஜ் பிரீமியம் கழிவுக்கு முன் 16,000 ரூபாய் என்றும் அது மாறவில்லை என்றும் வைத்தால் மொத்த நஷ்டம் 20,000 ரூபாய். கண்ணாடி க்ளெய்மால் போனஸ் குறையாத ஆட்-ஆன் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர்களிடம் ஒரு வேண்டுகோள். கேலிப்ரேஷனைத் தனி விருப்ப வேலை என்று எஸ்டிமேட்டிலிருந்து அடிக்காதீர்கள். கண்ணாடி மாற்றாவிட்டால் அந்தச் செலவே வந்திருக்காது. பட்டறைகளும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கையையும், கேலிப்ரேஷன் முடிந்ததைக் காட்டும் அச்சுப் பிரதியையும் கேட்காமலே பில்லோடு இணைக்க வேண்டும். அதைப் பார்க்காமல் டெலிவரித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, பலர் டோல்கேட்டில் நின்ற பிறகு நினைத்துக்கொள்வது: பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும். உரித்தால் உள்ளிருக்கும் ஆன்டெனா அறுந்துவிடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வண்டியைப் பட்டறையில் விடும் அன்றே வங்கியிடம் மாற்று டேகுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் கண்ணாடி பொருத்தும் தொழிலாளர்கள் சிலர்,
சென்னை.